உறையும் வீட்டில் பேரம் பேச முடியுமா?

ஜனவரி மாதம். இரவு பதினொரு மணி. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தண்ணீர் உறையும் குளிர். உள்ளே ஃபர்னஸ் நின்றுவிட்டது. வீட்டில் எழுபது தாண்டிய ஒரு பாட்டி, ஒரு கைக்குழந்தை. மகன் போனை எடுக்கிறான். முதல் கம்பெனி எடுக்கவில்லை. இரண்டாவது, நாளை மறுநாள் வருகிறோம் என்கிறது. மூன்றாவது, இப்போதே வருகிறோம், ஆனால் வந்து பார்க்கவே தனிக் கட்டணம் என்கிறது. அவன் என்ன சொல்வான்? "சரி, வாங்க" என்பான். வேறு என்ன சொல்ல முடியும்?

இந்த "சரி"யைத்தான் சந்தைப் பொருளாதாரம் "வாங்குபவரின் சம்மதம்" என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது. வேடிக்கைதான்!

அதே வீட்டில் ஜூலை மாதம் வந்து பாருங்கள். 35 டிகிரி வெயில், கூடவே நம்ம ஊர்க் கடலோரம் போல ஒரு புழுக்கம். இப்போது ஏசி நிற்கும். அதே போன், அதே வரிசை, அதே "சரி".

வாஷிங்டன், பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க், செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி... இந்த ஊர்களுக்கெல்லாம் கட்டடத் துறையில் ஒரு பெயர் உண்டு. கலப்புத் தட்பவெப்பம், அதிலும் ஈரப்பதம் உள்ள வகை. சென்னைக்காரருக்கு ஹீட்டர் வேண்டாம். அலாஸ்காக்காரருக்கு ஏசி அவ்வளவாக வேண்டாம். இந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டும் வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை உயிர் பயம், இரண்டு முறை பில். ஹீட் பம்ப் வைத்திருந்தால் குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே மெஷின்தான். நல்ல மெஷின், மின்சாரமும் மிச்சம். ஆனால் அதன் கம்ப்ரசர் போனால் இரண்டுமே போச்சு. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் மின்கம்பிச் சுருள் ஓரளவு சூடு தரும், மின் கட்டணத்தைக் கன்னாபின்னாவென்று ஏற்றிக்கொண்டு. கோடையில் அதுவும் கிடையாது.

"இது ஒரு வசதிப் பிரச்சினை, இதற்கு ஏன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில கணக்குகள்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் வந்து மின்சாரம் போனபோது, அரசுக் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள். அதே வருடம் ஜூன் மாத வெப்ப அலையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 சதவீதம் பேர் இறந்தது ரோட்டில் அல்ல, கட்டடங்களுக்குள். அரிசோனாவின் மரிகோப்பா மாவட்டத்தில் 2023ல் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். அரிசோனா கலப்புப் பிரதேசம் இல்லை, பாலைவனம்தான். ஆனாலும் அங்கிருந்து வரும் ஒரு தகவல் முக்கியமானது. வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏசி இருந்தது. அது ஓடவில்லை, அவ்வளவுதான்.

திரும்பப் படியுங்கள். ஏசி இல்லாமல் சாகவில்லை. இருந்த ஏசி ஓடாமல் செத்தார்கள். அதாவது, பலருக்கு உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது ஒரு ரிப்பேர்.

அந்த ரிப்பேர் எப்படி விற்கப்படுகிறது என்பதுதான் விஷயம். கோடையில் ஏசி நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று கெப்பாசிட்டர். கடையில் சில பத்து டாலருக்குக் கிடைக்கும் ஒரு சின்ன டப்பா. குளிர்காலத்தில் கேஸ் ஃபர்னஸ் நிற்பதற்கு, தீயை உணரும் ஒரு சிறு கம்பியில் அழுக்குப் படிந்திருந்தாலே போதும். துடைத்தால் ஓடும். ஆனால் இது வீட்டுக்காரருக்குத் தெரியாது. மெக்கானிக் "கம்ப்ரசர் போச்சு, பதினைந்து வருஷ மெஷின், இதில் பணம் போடுவது வீண், புதுசு வாங்கிடுங்க" என்றால் அதையும் நம்பியாக வேண்டும். பல கம்பெனிகளில் வருகிறவருக்கு விற்பனையில் கமிஷன் உண்டு. சில இடங்களில் மெக்கானிக்குக்குப் பின்னால் "கம்ஃபர்ட் அட்வைசர்" என்று ஒருவர் வருவார். அவர் கையில் ஸ்பேனர் இருக்காது, கடன் பத்திரம் இருக்கும்!

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. 1973லேயே மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். வாங்கிய பிறகும் தரம் தெரியாத சேவைகள் என்று ஒரு வகை உண்டு, ரிப்பேர் அதில் ஒன்று என்றார்கள். எது கெட்டது என்று சொல்பவரும் அவரே, சரிசெய்து காசு வாங்குபவரும் அவரே. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே "மோசடியின் உகந்த அளவு" என்று வரும். தலைப்பே கதை சொல்லிவிடுகிறது.

இதோடு நேர நெருக்கடியையும் சேர்த்துப் பாருங்கள். விலை ஏறினால் தேவை குறையும் என்பது முதல் வருடப் பாடம். உறையும் வீட்டில் தேவை எப்படிக் குறையும்? பாட்டி கொஞ்சம் குறைவாக நடுங்குவாரா?

பயமுறுத்த உண்மையான காரணங்களும் கைவசம் இருக்கின்றன. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 வாயுவைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் அமெரிக்காவில் 2020 தொடக்கத்தோடு நின்றுவிட்டன. அதற்கு அடுத்து வந்த ஆர்-410ஏ வாயுவுக்கும் 2025 முதல் புதிய வீட்டு மெஷின்களில் இடமில்லை. இரண்டுமே சுற்றுச்சூழலுக்காகச் செய்த நியாயமான மாற்றங்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்கு "இந்த கேஸ் இனிமே கிடைக்காது சார்" என்று பாதி உண்மையாகச் சொல்லப்படும்போது, சட்டம் விற்பனை உத்தியாகிவிடுகிறது. ஆர்-410ஏ பழைய மெஷின்களில் நிரப்ப இன்னும் கிடைக்கிறது என்பதை அந்த நேரத்தில் யார் சொல்வது?

சரி, சட்டப் பாதுகாப்பு இல்லையா? இருக்கிறது. வீட்டுக்கு வந்து விற்கப்பட்ட பொருளை மூன்று வேலை நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அமெரிக்க மத்திய விதியில் உண்டு. ரிப்பேருக்குக் கூப்பிட்டால் அந்த ரிப்பேருக்கு இது பொருந்தாது. அதற்கு மேல் விற்கப்படும் புது மெஷினுக்குப் பொருந்தும். ஆனால் ஒரு ஓட்டை. "அவசரம், எனக்கு இந்த உரிமை வேண்டாம்" என்று வாங்குபவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டால் போச்சு. மூன்று நாள் குளிரில் காத்திருப்பதா, கையெழுத்துப் போடுவதா என்றால் யார் எதைச் செய்வார்கள்? பாதுகாப்பு அதிகமாகத் தேவைப்படும் நாளில்தான் பாதுகாப்பு இல்லை.

இதற்கு மறுப்பு சொல்பவர்கள் இரண்டு வாதங்களோடு வருவார்கள்.

ஒன்று, "இரவில் அதிகப் பணம் கொடுத்தால்தானே மெக்கானிக் வருவார்?" உண்மைதான். நடுராத்திரியில் கூரைமேல் ஏறுகிறவருக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாயுவைக் கையாள மத்தியச் சான்றிதழ் வேண்டும், பல மாநிலங்களில் தொழில் உரிமமும் வேண்டும். விலையை ஏற்றினால் ஒரே இரவில் புது மெக்கானிக் முளைத்துவிட மாட்டார். இருக்கிற பத்து பேர் யார் வீட்டுக்கு முதலில் போவார்கள் என்பது மட்டும்தான் மாறும். அது பாட்டி இருக்கும் வீடு இல்லை, பணம் இருக்கும் வீடு.

இரண்டு, "வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், அவர்கள் தவறுதான்." பராமரிப்பு நல்லது. ஃபில்டர் மாற்றினால் மெஷின் நன்றாக உழைக்கும். ஆனால் அந்த ஒப்பந்தத்தோடு பெரும்பாலும் சேர்த்து விற்கப்படுவது வரிசையில் முன்னிடம். ஒருவருக்கு முன்னிடம் விற்றால் இன்னொருவர் பின்னால் போகிறார். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? மெஷினே அவருடையது இல்லையே!

வாடகைக்காரர் கதை இன்னும் மோசம். நியூயார்க் நகரில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 20 டிகிரி இருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. ஆனால் அது குளிருக்கு மட்டும் எழுதப்பட்டது. கோடைக்கும் இப்படி ஒரு வரம்பு வேண்டும் என்று நகரசபையில் ஒரு மசோதா வந்ததே 2024ல்தான். மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்ட்டி 2020லேயே செய்து காட்டிவிட்டது. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை வாடகை வீடு சுமார் 27 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இரண்டுமே கலப்புப் பிரதேசம்தான். ஓர் ஊரில் முடிந்தது இன்னோர் ஊரில் ஏன் முடியாது?

சூடு போதாத இடத்தில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? தரையில் வைக்கும் மின்சார ஹீட்டர் வாங்குகிறார்கள். 2022 ஜனவரி 9ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பழுதான அப்படி ஒரு ஹீட்டரில் தீப்பிடித்தது. தானாக மூட வேண்டிய கதவுகள் மூடாமல் புகை மேலே ஏறியது. 17 பேர் இறந்தார்கள், அவர்களில் எட்டுப் பேர் குழந்தைகள்.

தீர்வு நிலவில் இல்லை, அதே நியூயார்க்கில் இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் ஆபத்தான பழுதைச் சரிசெய்யாவிட்டால், நகராட்சியே ஆள் அனுப்பிச் சரிசெய்துவிட்டு சொந்தக்காரருக்கு பில் அனுப்பும் திட்டம் அங்கே உண்டு. முதலில் உயிர், பிறகு கணக்கு. ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய எரிசக்தி உதவித் திட்டமும் 1981 முதல் இருக்கிறது. நெருக்கடி என்றால் 48 மணி நேரத்துக்குள், உயிருக்கு ஆபத்து என்றால் 18 மணி நேரத்துக்குள் உதவ வேண்டும் என்று அதன் சட்டமே சொல்கிறது. ஆனால் நிதி போதாமல் தகுதியுள்ள குடும்பங்களில் சிறு பகுதிக்குத்தான் அது போய்ச் சேருகிறது. அந்தப் பணத்திலும் பெரும்பகுதி குளிருக்கே போகிறது.

ஆக, கேட்க வேண்டியவை நான்கே நான்கு. குளிருக்கு இருக்கும் வாடகைச் சட்டம் வெயிலுக்கும் வேண்டும். இரவுக் கட்டணம் எவ்வளவு என்பதைக் கம்பெனி முன்கூட்டியே வெளியிட வேண்டும். அவசரத்துக்கு வந்த ஆள் அன்றைக்கே புது மெஷின் விற்கக் கூடாது, தற்காலிகமாக ஓடவைத்துவிட்டுப் போக வேண்டும். அவசர ரிப்பேர் திட்டம் எல்லா ஊர்களுக்கும் வேண்டும், சொந்த வீட்டில் இருக்கும் ஏழை முதியவர்களுக்கும் சேர்த்து.

வீடு தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வாசலில் நின்று ரேட் பேசுவதில்லை. வீடு உறைந்தால் மட்டும் ஏன் பேச வேண்டும்?