சிறிய நிலையம், பெருங்கூட்டம்: பிரபாதேவி உணர்த்தும் பாடம்

மும்பை புறநகர் ரயில் சேவையின் மேற்கு வழித்தடத்தில், லோயர் பரேலுக்கும் தாதருக்கும் இடையே அமைந்துள்ளது பிரபாதேவி ரயில் நிலையம். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் மின்சார ரயில்கள் மட்டுமே இங்கு நிற்கின்றன. பம்பாய் ஆளுநராக 1853 முதல் 1860 வரை பதவி வகித்த எல்பின்ஸ்டன் பிரபுவின் பெயரால் எல்பின்ஸ்டன் சாலை என அழைக்கப்பட்ட இந்நிலையம், 2018 ஜூலையில் இப்போதைய பெயரைப் பெற்றது.

இப்பகுதியில் பஞ்சாலைகள் இயங்கியபோது, தொழிலாளர்கள் பலர் அருகிலேயே வசித்து, நடந்தே வேலைக்குச் சென்றனர். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. அந்நிலங்களில் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. அங்கு பணிபுரிவோர் தொலைவிலுள்ள புறநகர்களில் இருந்து ரயிலில் வருகின்றனர். ஆனால், இந்நிலையத்தையும் மத்திய வழித்தடத்தின் பரேல் நிலையத்தையும் இணைத்த நடைமேம்பாலம் குறுகலாகவே நீடித்தது.

2017 செப்டம்பர் 29 அன்று காலை, பலத்த மழையின்போது அப்பாலத்தின் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் ராணுவம் அமைத்த புதிய நடைமேம்பாலம் 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஐந்து மாதங்களுக்குள் முடிந்த பணி அது. எனவே, தடையாக இருந்தது தொழில்நுட்பம் அல்ல.

கட்டடங்களுக்கு அனுமதி வழங்குவது மாநகராட்சி. நிலையத்தின் படிக்கட்டுகள் ரயில்வேயின் பொறுப்பு. கட்டட அனுமதியின்போதே கூடுதல் பயணிகளின் எண்ணிக்கையை இரு தரப்பும் சேர்ந்து கணக்கிடாவிட்டால், மற்ற சிறிய நிலையங்களிலும் இதே ஆபத்து தொடரும்.