பெயரற்ற பிணங்களும் பட்டம் பெற்ற பிள்ளைகளும்

"யுத்தமென்பது வல்லரசுகளின் விவகாரம். பால்மரம் சீவிப் பிழைத்த நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சீமைக்குப் படிக்கப் போன பிள்ளை படிப்பைப் பார்த்துக்கொண்டு பட்டத்தோடு திரும்பினால் போதாதா?" என்று நம்மவரில் பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்டு வருகின்றோம். சங்கக் கூட்டங்களிலும், கல்யாணப் பந்தல்களிலும், ஏன், பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலுங்கூட இவ்வுபதேசம் தாராளமாக நடைபெறுகின்றது. இது பார்வைக்கு விவேகம்போல் தோன்றினும், உண்மையில் நம் சமூகத்தைப் பிடித்த நோய்களில் ஒன்றென்பதே நமது அபிப்பிராயம். அஃது எவ்வாறென்பதை நமது சொந்த அனுபவத்தைக் கொண்டே எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர் நாம். 2003ஆம் ஆண்டில் இலண்டனில் மாணாக்கராயிருந்தோம். பகலில் வகுப்பு, மாலையில் ஓர் உணவுக்கடையில் தட்டுக் கழுவும் வேலை, இரவில் ஒரு பிடி சோறும் பருப்பும், வாரத்திற்கொருமுறை தொலைபேசி அட்டை வாங்கி அம்மாவுடன் பத்து நிமிஷப் பேச்சு. இவ்வளவுதான் நம் சீமை வாழ்வு.

அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் தேதி, ஈராக்கின்மீது தொடுக்கப்படவிருந்த யுத்தத்தைக் கண்டித்து இலட்சக்கணக்கான ஜனங்கள் அந்நகரத் தெருக்களில் ஊர்வலம் போயினர். நாமும் வேடிக்கை பார்க்கப் போய், கூட்டத்தோடு நடந்து, இருட்டிய பின் வீடு திரும்பினோம். நமக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த முதிய ஆங்கில மாது விழித்திருந்தார். "இன்று எந்த நாள் தெரியுமா? 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த நாள். என் அண்ணன் கைதியான நாள்" என்றார். சயாம் ரயில் பாதையில் மாண்ட அவ்வண்ணனின் கல்லறைப் படத்தையும் எடுத்துக் காட்டினார். காஞ்சனபுரி மயானத்தில் எந்தப் பகுதியில், எந்த வரிசையில், எத்தனையாவது கல் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

பிறகு, "உங்கள் குடும்பத்தில் யாரேனும்?" என்று கேட்டார்.

"தாத்தாவின் தம்பி ஒருவர் போனார், திரும்பவில்லை" என்றோம்.

"அவர் பெயர்?"

நாம் வாய் மூடி நின்றோம். நமக்குத் தெரியாது!

பாட்டி இருந்தவரை, தீபாவளிக்கு முதல்நாள் படையலில் ஓர் இலை தனியே போடுவார். "சயாமுக்குப் போன சின்னத் தாத்தாவுக்கு" என்பார். இறந்த திதி தெரியாதாகையால் அந்த நாள். படையலில் நமக்கு நம்பிக்கையுண்டா இல்லையா என்பது வேறு விஷயம். அந்த வாழையிலை ஒன்றே அம்மனிதருக்கு இருந்த அடையாளம். மறுவாரம் அம்மாவிடம் கேட்டோம். "எல்லாரும் சின்னவர் என்றுதான் சொல்வார்கள் அப்பா. பேர் பாட்டிக்குத்தான் தெரியும்" என்றார். பாட்டி காலமாகி அப்போது இரண்டு வருஷமாகியிருந்தது. இங்கிலீஷ் அரசர்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த நமக்கு, சொந்தத் தாத்தாவின் பெயர் தெரியவில்லை. இதற்குத்தான் நமக்குப் பட்டமும் அளித்தார்கள்!

நிற்க. அந்த வெட்கத்தினால் தூண்டப்பட்டுப் புத்தகசாலைகளில் தேடலானோம். நம் சிலாங்கூர் ஆற்றங்கரையைப் பற்றி அங்கே அகப்பட்டது ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய நாவல். ஹென்றி ஃபோகோனியே என்னும் அவர் நம் ஊருக்கருகே ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை ஏற்படுத்திய துரை. 1914இல் ஐரோப்பிய யுத்தம் மூண்டதும் சொந்த தேசத்துக்குப் போய்ச் சிப்பாயானார். அந்த யுத்த காலத்திலேயே, 1917இல், நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை முதன்முதலாக வியாபாரத்திற்கென்று பயிரிடப்பட்டது. அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயர்ந்த கோன்கூர் பரிசு கிடைத்தது. பின்னர், மலாயாவில் ரப்பர்த் தோட்ட உத்தியோகம் பார்த்த பியேர் பூல் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர், 1952இல் குவாய் நதிப் பாலத்தைக் கதையாக எழுதினார். 1957இல் அது சினிமாவாகி உலகமெங்கும் ஓடிற்று. அவரோ அந்தப் பாதையில் ஒரு கூடை மண் சுமந்தவரல்லர்!

மண் சுமந்தவர் யார்? பான்போங்கிலிருந்து தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதற்காக வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டவர். மாண்டவர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் அளவினர் என்றும், மாண்டவர் 90,000 அளவிலென்றும் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. காஞ்சனபுரி மயானத்தில் படைவீரர் கல்லறைகள் ஏறக்குறைய 7,000. ஒவ்வொன்றும் கண்ணும் கருத்துமாய்ப் பராமரிக்கப்படுகின்றது. நம்மவரோ காட்டோரக் குழிகளில் கும்பலாகப் புதைந்தனர். கைதிகளை எண்ண ஒரு ராணுவம் இருந்தது. கூலிகளை எண்ண யாருமில்லை. பின்னர் எண்ணியிருக்க வேண்டியவர் நாமல்லவா?

"யுத்தம் நம் விஷயமல்ல" என்போரை இப்போது கேட்கின்றோம். 1941இல் யுத்தத்தினால் ரப்பருக்குக் கிராக்கி ஏறி முதலாளிமார் லாபம் பெற்றபோது, கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். கள்ளுக்கடையை மூடு என்றனர். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றனர். கிடைத்தது துப்பாக்கிச் சூடு, ஐவர் மாண்டனர். அவ்வேலைநிறுத்தம் நம் கோலசிலாங்கூர்த் தோட்டங்கள்வரை பரவியது. அதற்கடுத்த ஜனவரியில் ஜப்பானியர் இவ்வழியே கோலாலம்பூருக்குப் போயினர். பின் மரவள்ளிக்கிழங்கும், வாழைமரம் அச்சிட்ட நோட்டும், சயாமும் வந்தன. 2022இல் உக்ரேனில் யுத்தம் மூண்டு சூரியகாந்தி எண்ணெய் தடைப்பட்டதும், செம்பனை எண்ணெயின் விலை அதுவரை காணாத உயரம் ஏறிற்று. யுத்தம் நம் லயத்து வாசலைத் தவறவிட்டதே இல்லை. தவறவிட்டவர் நாம், அது வந்து போன கணக்கை எழுதி வைக்கத் தவறினோம்.

"நாவல்கள் வந்திருக்கின்றனவே" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகியவை நம் மானத்தைக் காத்தன. அண்மையில் காஞ்சனபுரியில் மலேசியத் தமிழர் முயற்சியால் நடுகல்லும் எழுந்தது. அவர்களை வணங்குகின்றோம். ஆனால் ஒரு சமூகம் முழுவதும் செய்ய வேண்டிய வேலையை நாலைந்து பேர் தோளில் ஏற்றிவிட்டு, மற்றவர் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, சீதன பேரத்திற்கு அதைக் காட்டிக்கொண்டிருப்பது எந்த நியாயம்? "சர்க்கார் செய்யட்டும்" என்பாரும் உளர். சர்க்கார் செய்யவேண்டியதைக் கேட்போம், மறுக்கவில்லை. ஆனால் உன் தாத்தாவின் பெயரைச் சர்க்காரா சொல்லும்? "செத்தவரைக் கிளறுவானேன்?" என்பாருக்கு நம் பதில் ஒன்றே: அந்த ஆங்கில மாது அண்ணனை மறவாததனாலேதான், எழுபது வயதிற்கு மேலும், மற்றொரு யுத்தம் கூடாதென்று அவ்வூர்வலத்தில் ஊன்றுகோலோடு சிறிது தூரம் நடந்தார். இறந்தவரை எண்ணத் தெரிந்தவரே அடுத்த யுத்தத்திற்கு அஞ்சுவர். எண்ணாத சமூகம் மறுபடியும் கூட்டமாக ஏற்றிச் செல்லப்படும்.

காலமோ கடந்துகொண்டிருக்கின்றது. சயாமுக்கு லாரி ஏறிய தகப்பனைக் கண்ட பிள்ளைகள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். லயங்கள் இடிந்தன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ராஜா மூசா, துவான் மீ, மேரி, புக்கிட் ரோத்தான் முதலிய தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் நகரங்களுக்குச் சிதறின. இன்று அச்செம்பனைக் குலைகளை வெட்டும் வங்காளதேசத்தாரின் பெயர்களையாவது நாம் கேட்டு வைத்திருக்கிறோமா?

ஆகவே படித்த இளைஞர்களே! நீங்கள் சீமையிலிருந்தாலும் சரி, ரவாங்கிலிருந்தாலும் சரி, அடுத்த முறை வீடு செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். மூத்த அத்தையோ பெரியப்பாவோ இருப்பின் அருகே அமருங்கள். சயாமுக்குப் போனவர் யார், பெயர் என்ன, எந்தத் தோட்டம், தமிழ்நாட்டில் எந்த ஊர், திரும்பினாரா என்று ஐந்தே கேள்விகள் கேளுங்கள். அதை எழுதித் தேதியிட்டுத் தோட்டப் பள்ளியிலோ கோயிலிலோ சங்கத்திலோ ஒரு பிரதி கொடுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், மேடை வேண்டாம், மாலையும் வேண்டாம்.

நமக்குத் தாமதமாகிவிட்டது. நம் வீட்டுப் படையலில் அந்த இலை இன்றும் பெயரில்லாமலே கிடக்கின்றது. உங்கள் பாட்டி இன்னும் உயிரோடிருக்கிறாரா?