காலம் வடிகட்டும்னு சொன்னது யாரு?

"நல்ல பாட்டு எப்படியும் நிக்கும் சார். காலம் வடிகட்டிடும்."

ராக் இசை பற்றிப் பேச்சு வந்தால், பெங்களூரில் நம்ம ஆட்கள் கூடுகிற எந்த வீட்டிலும் இந்த வசனம் ஒரு தடவை வந்தே தீரும். பின்னாலேயே ஒரு பட்டியலும் வரும். ஹோட்டல் கலிஃபோர்னியா, ஸ்மோக் ஆன் த வாட்டர், டார்க் சைட் ஆஃப் த மூன். ஆள் கொஞ்சம் விவரமானவர் என்றால் லெட் செப்லினில் ரெண்டு. இஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் கேசட்டுக்குக் கேசட் காப்பி அடித்துக் கேட்ட அதே பட்டியல். பெங்களூர், புனே, குர்காவ் என்று வேலைக்கு வந்தபோது ஊறுகாய் பாட்டிலோடு பெட்டியில் ஏறி வந்தது. இப்போது பிள்ளைகளைக் கிடார் வகுப்பில் சேர்த்துவிட்டால் முதல் மாதம் அவர்கள் கையிலிருந்து வருவதும் ஸ்மோக் ஆன் த வாட்டர்தான். பரம்பரைச் சொத்து மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பாட்டுகள் மட்டம் என்று நான் சொல்லவே இல்லை (டார்க் சைடை இன்றைக்கும் முழுசாகத்தான் கேட்கிறேன், அடிக்க வராதீர்கள்). என் சண்டை அந்த வசனத்தோடு. காலம் எதையும் வடிகட்டுவது கிடையாது. வடிகட்டுவது கம்பெனி, சரக்கு ஏற்றுகிற லாரி, கடை அலமாரி, ரிலீஸ் தேதி. நமக்கு எட்டியது வடிகட்டின மிச்சம் இல்லை, விற்பனையான மிச்சம்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கலாம். தமிழர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டது, பாட்டு மட்டும் முப்பது வருஷம் நின்றது என்பதற்கு நம் வீடுகளில் எத்தனை உதாரணம்! படத்தின் பெயர்கூடத் தெரியாமல் பாட்டை முணுமுணுக்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! அந்தப் பாட்டுகளைக் காப்பாற்றியது காலமா? இலங்கை வானொலி அய்யா. படம் ஓடினதா ஓடலையா என்று பார்க்காமல் திரும்பத் திரும்பப் போட்டார்களே, அது. நம் பாட்டுக்கு அப்படி ஒரு பின்வாசல் இருந்தது. 1968-இல் லண்டனிலோ 1972-இல் மெம்ஃபிஸிலோ ஒரு முழு ஆல்பத்துக்கு அந்த மாதிரி பின்வாசல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

சும்மா சொன்னால் எப்படி என்பீர்கள். ஜாம்பீஸ் என்ற ஆங்கிலேயக் குழுவை எடுத்துக்கொள்வோம். 1967-இல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுக்குள் போகிறார்கள். பீட்டில்ஸ் சார்ஜென்ட் பெப்பரை முடித்துவிட்டுக் கிளம்பின கொஞ்ச நாளில், அதே இடம். ஆல்பத்துக்குக் கம்பெனி ஒதுக்கிய மொத்தப் பணம் 1000 பவுண்டு. மோனோவில் கலந்து முடித்த பிறகு கம்பெனிக்காரர்கள் ஸ்டீரியோவும் வேண்டும் என்றார்கள், காசு மட்டும் தர மாட்டோம் என்றார்கள். பாட்டு எழுதின ராட் ஆர்ஜென்ட்டும் கிறிஸ் ஒயிட்டும் தங்கள் ராயல்ட்டிப் பணத்திலிருந்து 200 பவுண்டு போட்டு அந்த வேலையை முடித்தார்கள். அட்டையில் ஆல்பத்தின் பெயரில் எழுத்துப்பிழை. ஒடிஸி என்று இருக்க வேண்டியது 'ஒடெஸ்ஸி'. அது அப்படியே நிலைத்துவிட்டது: ஒடெஸ்ஸி அண்ட் ஆரகிள். 1968 ஏப்ரலில் அது கடைக்கு வரும்போது குழு கலைந்து நாலு மாசம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை ஊரை விட்டுப் போன கதை.

அமெரிக்காவில் அதை வெளியிடவே யோசித்தார்கள். அல் கூப்பர் என்ற இசைக்கலைஞர் லண்டன் போன இடத்தில் அந்தத் தட்டை வாங்கிக் கேட்டுவிட்டு, கொலம்பியா கம்பெனியில் உட்கார்ந்து வற்புறுத்தினதால்தான் வந்தது. ஒரு மனிதர். ஒரு தட்டு. அவர் வேறு கடைக்குப் போயிருந்தால்? 1969-இல் அதிலிருந்து 'டைம் ஆஃப் த சீசன்' அமெரிக்கப் பட்டியலில் மூன்றாவது இடம் வரை ஏறியது. ஆனால் மேடையில் பாட ஆள் இல்லையே! இந்த இடத்தில்தான் கூத்து. 'நாங்கதான் ஜாம்பீஸ்' என்று சொல்லிக்கொண்டு போலிக் குழுக்கள் அமெரிக்கா முழுக்கக் கச்சேரி நடத்தின. அப்படி ஒரு போலியில் வாசித்த ரெண்டு பேர், டஸ்டி ஹில்லும் ஃப்ராங்க் பியர்டும், பின்னாளில் இசட் இசட் டாப் குழுவில் உலகப் புகழ் பெற்றார்கள். ஒரிஜினல் ஆட்களோ இந்த ஆல்பத்தை மேடையில் முழுசாக வாசித்தது 2008-இல், 40 வருஷம் கழித்து. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டது 2019-இல். கிடார் வாசித்த பால் அட்கின்ஸன் 2004-இலேயே காலமாகிவிட்டார்.

சொல்லுங்கள், இதில் காலம் எங்கே வடிகட்டியது?

அடுத்தது கிங்க்ஸ். 1965-லிருந்து 1969 வரை இவர்கள் அமெரிக்காவில் கச்சேரி செய்ய முடியாதபடி அங்கே இசைக்கலைஞர் சங்கம் தடை போட்டிருந்தது. ஊரே சைகடெலிக் என்று கலர் கலராக மிதந்துகொண்டிருந்தபோது ரே டேவிஸ் உட்கார்ந்து கிராமத்துப் பசும்புல் திடல், நீராவி ரயில், பழைய ஆல்பத்துப் போட்டோ என்று எழுதிக்கொண்டிருந்தார். 12 பாட்டோடு 1968 செப்டம்பரில் வரவிருந்த ஆல்பத்தைக் கடைசி நேரத்தில் நிறுத்தி, 15 பாட்டாக்கி, நவம்பர் 22-இல் விட்டார்கள். பிரிட்டனில் அதே நாளில் வந்தது பீட்டில்ஸின் ஒயிட் ஆல்பம். தீபாவளிக்கு ரஜினி படம் வருகிற அன்றைக்குச் சின்னப் படத்தை இறக்கினால் என்ன ஆகும்? த வில்லேஜ் கிரீன் ப்ரிசர்வேஷன் சொசைட்டி பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரிட்டனில் ஒரு லட்சம் என்ற கோல்டு கணக்கைத் தொட 2018 வரை, சரியாக 50 வருஷம், ஆனது.

நம் மாதிரி ஊரை விட்டு வந்தவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இந்த ஒன்றைக் கேட்க வேண்டும் என்பேன். ஊர் நினைப்பைப் பற்றி இவ்வளவு கறாராக எழுதின ராக் ஆல்பம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பாட்டில் சின்ன வயசு சிநேகிதன் வால்டரைத் தேடுகிறான். தேடிக்கொண்டே, இப்போது அவன் குண்டாகிக் கல்யாணம் ஆகி சீக்கிரமே தூங்கப் போகிறவனாக இருப்பான், என் பேச்சு அவனுக்கு போர் அடிக்கும் என்றும் அவனே சொல்லிவிடுகிறான். இன்னொன்றில் ஒருத்தன் கிராமத்தையும் காதலித்த பெண்ணையும் விட்டு நகரத்துக்கு வந்துவிட்டான். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அவன் ஊர் வீடுகளை இப்போது வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு 'ஊர் மாறிப்போச்சு' என்று சலித்துக்கொண்டே திரும்புகிற நம்மைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கும். ஹோட்டல் கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள் பார்ப்போம்.

பிக் ஸ்டார் கதை சுத்தமான லாரிக் கதை. மெம்ஃபிஸ் நகரக் குழு. அதில் பாடின அலெக்ஸ் சில்டன் ஏற்கெனவே 16 வயசில் பாக்ஸ் டாப்ஸ் குழுவில் 'த லெட்டர்' பாடி, 1967-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். 1972-இல் இவர்கள் முதல் ஆல்பம், நம்பர் 1 ரெக்கார்ட், வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விநியோகம் செய்ய வேண்டிய ஸ்டாக்ஸ் கம்பெனியால் அதைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. பத்திரிகையில் படித்துவிட்டுக் கடைக்குப் போனவனுக்குத் தட்டு இல்லை. 1974-இல் ரேடியோ சிட்டி. அதற்குள் விநியோகம் கொலம்பியா கைக்குப் போய், ரெண்டு கம்பெனிக்கும் தகராறு. அந்த ஆல்பமும் அவுட். கிறிஸ் பெல் 1978-இல், 27 வயசில், கார் விபத்தில் போனார். சில்டன் 2010-இல் போனார். இந்தக் குழுவின் ஒரு பாட்டு 1998-இல் ஒரு அமெரிக்க டிவி தொடருக்கு டைட்டில் மெட்டானது. டிவியில் கேட்ட பல பேருக்கு பிக் ஸ்டார் என்று ஒரு குழு இருந்ததே தெரியாது. (ஒரு எச்சரிக்கை: முதல் ஆல்பத்தில் 'த இந்தியா சாங்' என்று ஒன்று இருக்கிறது. ஏதோ கனவில் கண்ட இந்தியா. ஆல்பத்திலேயே மொக்கையான பாட்டு அதுதான். தாண்டிப் போய்விடுங்கள்.)

இன்னொரு கோஷ்டியோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. 'மறுகண்டுபிடிப்பு' வியாபாரிகள். எதுவுமே தெரியாமல் கிடந்தது, நாங்கள்தான் தோண்டி எடுத்தோம் என்று கதை கட்டி விற்பவர்கள். டெட்ராய்ட்டின் ராட்ரிகஸ் பற்றி 2012-இல் வந்த 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படம் பார்த்திருப்பீர்கள். 2013-இல் ஆஸ்கரும் வாங்கியது. 1970-இல் வந்த கோல்ட் ஃபேக்ட் அமெரிக்காவில் விற்கவில்லை, மனிதர் கட்டட இடிப்பு வேலைக்குப் போனார், தென்னாப்பிரிக்காவில் அவர் பாட்டுகள் வீட்டுக்கு வீடு ஒலித்தது அவருக்கே தெரியாது. எல்லாம் நிஜம். ஆனால் 1979-லேயே அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கச்சேரி செய்திருக்கிறார். அங்கே அவருக்கு ரசிகர் கூட்டமே இருந்தது. படத்தில் அது கிடையாது. சொன்னால் கதையின் சுவாரசியம் குறைந்துவிடுமே! தென்னாப்பிரிக்காவில் அத்தனை வருஷம் விற்ற தட்டுகளின் பணம் யார் பைக்குள் போனது என்பதும் சரியாகத் துலங்கவில்லை. அவர் 2023-இல் காலமானார். 'தொலைந்த மேதை' என்று சொன்னால் தொலைத்தவன் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கல்கத்தாவில் 70களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாய் தொடங்கிய மொஹீனேர் கோடாகுலி வங்காளியில் ராக் பாடின குழு. 1977, 78, 79 என்று மூன்று தட்டு போட்டார்கள். கேட்க ஆள் இல்லாமல் கலைந்தார்கள். 90களின் நடுவில் கௌதமே இளைய பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு தொகுப்பு போட்ட பிறகுதான் கல்கத்தா அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அந்தப் பாட்டுகளில் ஒன்றின் மெட்டு 2006-இல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் 'பீகி பீகி' ஆகி டெல்லியிலும் புனேயிலும் ஆட்டோ ஆட்டோவாக ஒலித்தது. கௌதம் 1999-லேயே போய்விட்டார்.

ஒரு நியாயமான கேள்வி வரும். விற்காமல் போன எல்லாமே தங்கமா? இல்லவே இல்லை. மூவாயிரம் ரூபாய்க்கு மறுபதிப்பு வினைல் வாங்கி, ரெண்டாவது பாட்டிலேயே எழுந்துபோகத் தோன்றுகிற தட்டுகள் ஏராளம். அபூர்வம் என்பதற்காகவே ஒன்றைத் தூக்கிப்பிடிப்பதும், விற்றது என்பதற்காகத் தூக்கிப்பிடிப்பதும் ஒரே வியாதிதான். ரெண்டு பேரும் காதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். மட்டம் என்றால் கேட்டுவிட்டு மட்டம் என்று சொல்லுங்கள். நின்றுவிட்டதால் உசத்தி, காணாமல் போனதால் மட்டம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

இப்போதுதான் எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே என்பவர்களுக்கு: கிடைக்கிறது, உண்மை. ஆனால் ஆப் தானாக என்ன போடுகிறது? ஏற்கெனவே கோடிப் பேர் கேட்டதை. லாரிக்காரன் செய்த வேலையை இப்போது கணக்கு செய்கிறது. தேடுகிற பெட்டியில் பெயரை நீங்களே அடித்தால்தான் உண்டு. மேலே சொன்ன நாலு ஆங்கில ஆல்பங்களும் 30-லிருந்து 40 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். சில்க் போர்டு சிக்னலில் அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறோம்.

முதலில் எது என்று கேட்டால் ஒடெஸ்ஸி அண்ட் ஆரகிள். முதல் பாட்டே ஜெயிலிலிருந்து வெளியே வரப்போகிற காதலிக்கு எழுதின கடிதம், அதை இவ்வளவு சந்தோஷமான மெட்டில் போட யாருக்குத் தோன்றும்! தயவுசெய்து 'டைம் ஆஃப் த சீசன்' மட்டும் தேடிப் போட்டுவிட்டு 'கேட்டாச்சு சார்' என்று வராதீர்கள். அது கடைசிப் பாட்டு. அதற்கு முன்னால் பதினொன்று இருக்கிறது.