சுண்டெலியின் வாலும் நோயாளியின் மூச்சும்

சுண்டெலியின் வாலில் விளக்கின் சூடு குவிகிறது. இரண்டு, மூன்று விநாடிகளில் அது வாலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. மார்ஃபின் ஊசி போட்ட பிறகு அதே வால் அசையாமல் கிடக்கிறது. தோல் வெந்துவிடக் கூடாது என்பதால் பத்தாவது விநாடியில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். 1941-ல் வந்த இந்தச் சோதனைதான் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகளின் வீரியத்தை அளக்க இன்றும் உதவுகிறது.

இரண்டு ஓபியாய்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? இதில் பாதி அளவு, அதில் பாதி அளவு என்றால் ஒரு முழு அளவின் பலன் கிடைக்க வேண்டும். அது வெறும் கூட்டல். அதையும் தாண்டிப் பலன் கூடினால், மருந்துகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்று பொருள். மருந்தைக் குறைத்தே வலியை அடக்கலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தைச் சேர்ந்த காவ்ரில் பாஸ்டர்நாக் குழு 2002-ல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு இந்த நம்பிக்கைக்கு வலுவும் சேர்த்தது, வரம்பும் கட்டியது. எல்-மெத்தடோன் என்ற ஓபியாய்டு, மார்ஃபினோடும் கோடீனோடும் சேர்ந்தபோது பலன் கூட்டலைத் தாண்டியது. ஃபெண்டனில், ஆக்ஸிகோடோன், பெத்திடின் ஆகியவற்றோடு சேர்ந்தபோது தாண்டவில்லை. இன்னொரு சேதி முக்கியமானது: குடலை மந்தமாக்குவதில் மார்ஃபின்–மெத்தடோன் ஜோடி அப்படிக் கைகோக்கவில்லை. மலச்சிக்கலால் அவதிப்படும் புற்றுநோயாளிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனால், 2000-ல் பிரிஸ்பேனில் வேறு கதை. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் மரீ ஸ்மித் குழு, தனியாகக் கொடுத்தால் வலியைத் தணிக்காத அளவுக்குச் சிறிதாக மார்ஃபினையும் ஆக்ஸிகோடோனையும் எடுத்து, எலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தது. வலி நன்றாகவே அடங்கியது. எலிகள் மயங்கிக் கிடக்கவும் இல்லை. இதே ஜோடி நியூயார்க் சுண்டெலிகளிடம் காட்டியதோ வெறும் கூட்டல்தான்.

பிரிஸ்பேன் கண்டுபிடிப்பு, மூன்று பங்கு மார்ஃபின், இரண்டு பங்கு ஆக்ஸிகோடோன் கலந்த 'மாக்ஸ்டுவோ' என்ற மருந்தாக உருவெடுத்தது. ஓபியாய்டுகள் மூச்சை மந்தமாக்கக் கூடியவை; இந்தக் கலவை தனி மருந்துகளைவிட நோயாளியின் மூச்சுக்குப் பாதுகாப்பானதா என்பதே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் முன் நின்ற கேள்வி. தரப்பட்ட சான்று போதவில்லை. 2014 ஏப்ரலில் அதன் ஆலோசனைக் குழு 14–0 என்று எதிராக வாக்களித்தது.

இதனால் எலி ஆய்வே வீண் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. ஓபியாய்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதை எடுத்துக்காட்டியதே எலிகள்தான். தவறு, வால் சோதனையின் வெற்றியை மட்டும் தூக்கிப் பிடிப்பதில் இருக்கிறது. எந்த ஜோடி, எந்த உயிரினம், எந்த விகிதம், எந்தப் பக்கவிளைவு என்ற நான்கையும் சொல்லாமல் 'இரண்டு மருந்து சேர்ந்தால் வலி பறக்கும்' என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

தோளில் ஃபெண்டனில் பட்டை ஒட்டியிருக்கும் புற்றுநோயாளிக்கு இடையில் வலி கிளம்பினால், மருத்துவர்கள் மார்ஃபினும் தருவதுண்டு. சுண்டெலிகளில் இந்த ஜோடி வெறும் கூட்டல்தான். ஆகவே இரண்டையும் சேர்த்து மொத்த அளவைக் கணக்கிட்டே கொடுக்க வேண்டியிருக்கிறது. எலியின் மூச்சை அளக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. புதிய கலவை எதுவானாலும், வாலை அளக்கும்போதே மூச்சையும் குடலையும் அளந்து, மூன்று முடிவுகளையும் ஒரே அறிக்கையில் வெளியிட வேண்டும். பலன் தராத ஜோடிகளின் முடிவுகளும் அதே அறிக்கையில் இடம்பெற வேண்டும்.