தேக்குப் பலகையில் பள்ளம் விழாமல் தேய்ப்பது எப்படி?

“தோட்டத்தில் வளர்ந்த தேக்கை அறுத்து, கதவுக்காகப் பலகை போட்டு வைத்திருக்கிறோம். தேய்ப்பதற்கு, கையில் பிடித்து ஓட்டும் 4 அங்குல பெல்ட் சாண்டர் வாங்கினோம். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓரம் கிழிந்துவிடுகிறது. பலகையிலும் பள்ளம் விழுகிறது. என்ன செய்வது?”

- வாசகர், தென்காசி மாவட்டம்.

இரண்டு பிரச்னைகளுக்கும் பலகையில் வைப்பதற்கு முன்பே தீர்வு இருக்கிறது. விழுந்த பள்ளத்தை நிரப்ப முடியாது. பலகை முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். 20 வருடம் வளர்ந்த மரம் தூசாகப் போய்விடும்.

பெல்ட் ஒதுங்கினால்...

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பெல்ட்டின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும். அதுவும் இயந்திரத்தில் உள்ள அம்புக்குறியும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். மாறிப்போனால் ஒட்டு பிரிந்துவிடும். உருளைகளில் ஒட்டியிருக்கும் தூசு, பிசினைத் துடைத்துவிட்டு பெல்ட்டை மாட்டி, நெம்புகோலை இறுக்குங்கள்.

சுவிட்ச் பூட்டிய நிலையில் இல்லை என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். இயந்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்து, ஒரு நொடி ஓட விட்டு நிறுத்துங்கள். பெல்ட் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும். பக்கவாட்டில் உள்ள திருகை மிகக் கொஞ்சமாகத் திருப்பி, மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். பெல்ட் உருளையின் நடுவில் நிலைத்து ஓடும் வரை இப்படிச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஒதுங்கினால், ஈரத்தில் பெல்ட் இழுபட்டிருக்கலாம். பின் உருளையின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். பெல்ட்டை மடித்து வைக்காமல், குழாயில் தொங்கவிட்டால் நாள்பட உழைக்கும்.

பள்ளம் விழாமல் இருக்க...

இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகே பலகையில் இறக்க வேண்டும். பலகையிலிருந்து எடுத்த பிறகே நிறுத்த வேண்டும். அழுத்தவே கூடாது, அதன் எடையே போதும். இரு கைகளாலும் பிடித்து, மர ரேகை போகும் திசையில், ஓரிடத்திலும் நிற்காமல் நகர்த்துங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூடட்டும். பலகையின் முனையில் இயந்திரம் பாதிக்கு மேல் வெளியே போனால் சாய்ந்து, முனை உருண்டுவிடும்.

பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரேபோல மறைந்தால், மேடு பள்ளம் இல்லாமல் தேய்கிறது என்று அர்த்தம். ரம்பத் தடம் இருந்தால் 60 நம்பர் பெல்ட்டில் தொடங்கி 80, 120 என்று போக வேண்டும். இழைப்புளி போட்ட பலகைக்கு 80 அல்லது 100 போதும். கடைசியாக 180 நம்பர் உப்புத்தாளைக் கையால் போட்டால் பாலிஷ் நன்றாக ஏறும். பலகை நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரப் பலகையில் பெல்ட் அடைத்துக்கொள்ளும்.

கவனம் தேவை!

சாண்டர் முன்னோக்கி இழுக்கும். பலகை ஓட்டுபவரை நோக்கி நகரும். அதனால் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை கூடாது. ஒயரைப் பின்பக்கம் விடுங்கள். தேக்குத் தூசு சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொடுக்கும். மரத்தூசு புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். ஆணி இருந்தால் முதலிலேயே பிடுங்கிவிடுங்கள். ஆணியில் உரசி வரும் தீப்பொறி, தூசுப் பையைப் பற்ற வைத்துவிடும். வேலை முடிந்ததும் பையை வெளியே கொட்டிவிடுங்கள்.

கதவுப் பலகையில் கை வைப்பதற்கு முன், அதே மரத்தின் கழிவுத் துண்டில் அரை மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள்.