பாற்கடலும் இராசகாரியமும்

கண்டி நகரின் நடுவே கிடக்கும் வாவிக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர் ‘கிரி முகுத’ என்பதாகும். பாற்கடல் என்பது அதன் பொருள். நாயக்கர் மரபின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வயல்நிலத்தை மறித்து அதனைக் கட்டுவித்தான். கூலி கொடுத்துக் கட்டுவிக்கவில்லை. இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்தைக் கொண்டே கட்டுவித்தான். குடிகளை இவ்வாறு வருத்துதல் தகாதென்று முறையிட்ட தலைவர்கள் கொலையுண்டனர் என்பர். கோல்புறூக் விசாரணையின் பயனாக 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் ஒருவர் ஏவ மற்றொருவர் கூலியின்றி உழைக்கும் வழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. இக்காலத்தில் அது ‘தொண்டு’ என்னும் பெயருடன் சங்கங்களிலும் கழகங்களிலும் குடியேறியிருக்கிறது. அதன் உண்மை உருவத்தைக் காணவேண்டுமாயின், தொண்டர்களாலேயே நடத்தப்படும் பாய்மரப் படகுக் கழகம் ஒன்றின் ஒரு பருவகால வேலையை எண்ணிப் பார்த்தல் போதும்.

பேராதனை மாணவர் பாய்மரப் படகுக் கழகமொன்றைச் சம்பளம் பெறும் ஊழியர் எவருமின்றித் தாமே நடத்தவேண்டும் என்று எவரேனும் கூறின், முதலிற் கிடைக்கும் மறுமொழி சிரிப்பே. மலைநாட்டிற் கடல் ஏது என்பார்கள். கடல் இல்லை என்பது மெய்யே. நீர் இல்லை என்பது பொய். மகாவலி கங்கை பல்கலைக்கழகத்தை ஒட்டியே ஓடுகிறது. 1976இல் பொல்கொல்லையிலும் 1985இல் விக்டோரியாவிலும் அக்கங்கை மறிக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனியா நகரம் நீருள் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும்போது அதன் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. ஊரையும் வயலையும் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்நீர் தூரத்தே நின்று பார்க்கும் காட்சியாகவும், மின்சாரப் பட்டியலாகவும் மட்டுமே இருக்கவேண்டும் என்று எந்த நியாயம் சொல்கிறது?

இது வெள்ளைக்காரன் விளையாட்டு என்பது அடுத்த மறுப்பு. இதிற் சிறிது உண்மை உண்டு. 1864இல் தோன்றிய கொழும்புத் துடுப்புப் படகுக் கழகமும், 1867இல் தோன்றிய சென்னைப் படகுக் கழகமும் ஆங்கிலேயர் தமக்கென அமைத்துக்கொண்டவையே. ஆனால் கழகம் அவர்களுடையதாயின் பாயும் அவர்களுடையதாகிவிடுமா? வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். வல்வைக் கடலோடிகள் செலுத்திச் செல்ல, அது 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொசெஸ்ரர் துறையை அடைந்தது. அணியம், சுக்கான், பருமல், ஆஞ்சான், தாமான் என்று கப்பலின் ஒவ்வோர் உறுப்புக்கும் கயிற்றுக்கும் தமிழ்ப் பெயர் சொல்லி வேலை செய்த மரபு அது. இன்றோ சங்க மேடையில் ஏறிக் கடாரம் வென்ற சோழன் புகழை ஒரு மணிநேரம் முழங்கும் சொற்பொழிவாளரிடம் ஆஞ்சான் எது, தாமான் எது என்று வினவினால் அவர் விழிப்பார். பாயை ஏற்றும் கயிறு முன்னது. ஏற்றிய பாயைக் காற்றுக்கேற்ப இழுத்தும் தளர்த்தியும் பிடிக்கும் கயிறு பின்னது. இவ்விரண்டும் அறியாமலே கடற்படை பற்றிப் பெருமை பேசலாம். படகு செலுத்த இயலாது.

செலவு மிகும் என்னும் அச்சத்துக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. பாரி பக்னல், ஜாக் ஹோல்ற் ஆகிய இருவர் வடிவமைத்து 1963இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘மிரர்’ படகு ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியாற் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடியிழைப் பட்டியால் ஒட்டி, வீட்டு முற்றத்திலேயே ஆக்கத்தக்கது. அதன் தொடக்க விலை 63 பவுண் 11 சிலிங். அப்பெயரைத் தந்தது உழைக்கும் மக்கள் பெரிதும் வாசித்த நாளிதழ் ஒன்று. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் அவ்வாறு உருவாகின.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. படகைக் கட்டுவதற்கு ஒரு மாத ஆர்வம் போதும். அதனை ஒரு பருவம் முழுவதும் நீரில் வைத்திருப்பதற்கு ஆர்வம் போதாது. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களே காற்றுக்கு உரியவை. மலைகளிடையே புகுந்து வரும் காற்று ஒருமுகமாய் வீசுவதில்லை. ஓய்ந்திருந்து திடீரெனத் திசைமாறி அறையும். ஏப்பிரலிலும், மீண்டும் ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகலில் இடியுடன் மழை வரும். திறந்த நீரில் நிமிர்ந்து நிற்கும் பாய்மரம் மின்னலுக்கு விடுக்கும் அழைப்பாதலின், அம்மாதங்களில் நண்பகலுக்கு முன்பே படகுகள் கரையேறிவிட வேண்டும். ஒட்டுப்பலகையின் விளிம்பிற் பூச்சு உரிந்தால் நீர் உட்புகுந்து பலகை பிளக்கும். வெயில் பாயின் தையலைத் தின்னும். நீர்மட்டம் இறங்கும்போது முந்திய வாரம் ஆழமாயிருந்த இடத்திற் கல் முளைக்கும். நீந்தத் தெரியாதவனைப் படகில் ஏற்றலாகாது. தெரிந்தவனும் மிதவைச் சட்டையின்றி ஏறலாகாது. மகாவலி அதிகாரசபையின் அனுமதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படகு ஒன்றேனும் நீரில் உள்ள வரையில் மீட்புப் படகும் இருவரும் கரையிற் காத்திருத்தல் வேண்டும்.

அந்த இருவர் யார்? இங்கேதான் இராசகாரியம் மீண்டும் தலையெடுக்கிறது. தலைவர், உபதலைவர், செயலாளர், இணைச்செயலாளர் எனப் பெயர்ப்பட்டியல் நீளும். ஆண்டு மலரிற் புகைப்படமும் வரும். வெயிலிற் கரையிலே நிற்பதும், பூச்சைச் சுரண்டுவதும், ஈரப்பாயைத் தோளிற் சுமப்பதும் முதலாம் ஆண்டு மாணவன் தலையில் விழும். அதனைத் தொண்டு என்றும் பயிற்சி என்றும் சொல்வார்கள். பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ‘தம்பி, இதைக் கொஞ்சம் தூக்கு’ என்னும் இனிய சொல்லுக்கு எதிராகச் சட்டம் ஏதும் இல்லை. நாடக விழாவிலோ பட்டிமன்றத்திலோ இவ்வநீதி ஒருவாறு மறைந்துவிடும். திரை ஒரு நாழிகை பிந்தி விலகினால் எவரும் இறப்பதில்லை. மனமின்றி நிறுத்தப்பட்ட காவலாளி கரையிற் கண்ணயர்ந்தால், கவிழ்ந்த படகின் கீழ் அகப்பட்டவனுக்கு மூச்சு முட்டும்.

இதற்கு விடையாகச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்பாரும், உல்லாச விடுதி ஒன்றிடம் ஒப்படைக்கலாம் என்பாரும் உளர். ஒப்படைத்தால் படகு நன்றாகவே ஓடும். மாணவன் அதிற் பணம் செலுத்திய பயணியாக அமர்ந்திருப்பான். கண்டி வாவியை வாடகைப் படகில் வலம்வரும் பயணிக்கும் அவனுக்கும் வேறுபாடு இராது. மறுபக்கம், பிரான்சின் பிறிற்றனிக் கரையோரத்துக் கிளேனான் தீவுகளைப் பார்க்கலாம். நாசிகளை எதிர்த்துத் தலைமறைவாய்ப் போராடிய பிலிப் வியானே, ஹெலன் வியானே தம்பதியர், போரினால் நைந்த இளைஞர் மீண்டும் வாழ்வில் ஊன்றுவதற்காக 1947இல் அங்கே ஒரு பாய்மரப் பள்ளியைத் தொடங்கினர். கற்பிப்போர் ஊதியம் பெறாத தொண்டர்கள். கற்க வந்தோர் முறைவைத்துச் சமைத்தனர், கழுவினர், பழுது பார்த்தனர். ஏவுபவன் என்று ஒருவனும் ஏவப்படுபவன் என்று ஒருவனும் பிரிந்து நிற்பதற்கு அம்முறை இடந்தரவில்லை. அப்பள்ளி இன்றும் தொண்டர்களைக் கொண்டே இயங்குகிறது.

எனினும் கிளேனானை அப்படியே பெயர்த்துவந்து தும்பறையில் நட்டுவிட முடியாது. வார இறுதியிற் பிரத்தியேக வகுப்பு நடத்தி அப்பணத்தைத் தோட்டத்து வீட்டுக்கு அனுப்பும் மாணவனிடம் போய்ச் ‘சனிக்கிழமை முழுவதும் தொண்டு செய்’ என்பது கொடுமை. ஓய்வு உள்ளவனுக்கே தொண்டு எளிது. ஆகவே வேலையை மணிக்கணக்கில் எழுதிவைத்தல் வேண்டும். வார நாளின் மாலையில் ஒரு மணிநேரம் கயிறு பின்னியவனுக்கும் அது கணக்கில் ஏறவேண்டும். பரீட்சைக் காலத்தில் எவனெவன் விலகுவான் என்பது பருவம் தொடங்குமுன்னரே தெரிந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் எல்லாரும் பட்டத்துடன் போய்விடுவர். அவர்களோடு எந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்ற அறிவும் போய்விடாதிருக்க, அதுவும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும்.

இவற்றுக்கு யாப்பும் போசகரும் உடனடித் தேவையல்ல. கரையில் ஒரு பதிவேடு வேண்டும்: புறப்பட்டவன் பெயர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், காவல் நின்ற இருவரின் கையொப்பம். இரண்டு கிழமைக்குள் அக்கையொப்ப நிரலில் ஒருமுறையேனும் காணப்படாத தலைவனுக்கு அடுத்த கிழமை சுக்கான் கொடுக்கலாகாது.