அலையை வெட்டாதீர்கள்

நாட்டார் பாடல்களை ஆவணப்படுத்தக் கிளம்பும் நண்பர்கள் முதலில் கைவைப்பது இரைச்சலில்தான். ஆரம்பாக்கத்துப் பக்கம், பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் வலை இழுக்கும்போதே பதிவான அம்பாப் பாட்டை அப்படி ‘மெருகேற்றி’ எனக்கு அனுப்பியிருந்தார்கள். பெரியவர் ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கு. அலை இல்லை. பின்பாட்டுக்காரர்கள் கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிறார்கள்.

மென்பொருள் என்ன செய்கிறது? யாரும் பாடாத சில விநாடிகளை எடுத்து, அதிலுள்ள அதிர்வெண்களை இரைச்சல் என்று முடிவுகட்டி, பதிவு முழுவதிலிருந்தும் கழிக்கிறது. அதே அதிர்வெண்களில் தணிந்து ஒலிக்கும் கூட்டுக்குரலும் கூடவே போய்விடும். ஆபீஸ் மீட்டிங்குக்கு இது சரி. அம்பாவில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பதில் சொல்லியபடி சேர்ந்து இழுப்பார்கள். அந்த இழுவையின் மூச்சுதான் தாளம். மிருதங்கத்தை வெட்டிவிட்டு யாராவது கச்சேரியைச் சேமிப்பார்களா?

இது என் பிடிவாதம் மட்டுமில்லை. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாசாவின் டிசி-04 வழிகாட்டியும் சேமிப்புப் பிரதியில் இப்படிக் கைவைக்கக் கூடாது என்கிறது. தரம் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அதில் ஒரு மணிநேர ஸ்டீரியோ சுமார் 1 ஜிபி. கல்யாண வீடியோ இதைவிடப் பெரிசு சார்! எம்பி3யை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்க என்ன சாக்கு மிச்சம்?

மெருகேற்றிய பிரதி வேண்டுமென்றால் தனிக் கோப்பாகச் செய்யுங்கள். மூலத்தைப் பாடியவர் வீட்டுக்கு முதலில் ஒரு பென்டிரைவில் கொடுங்கள். எந்தக் கரை, என்ன வலை, எத்தனை பேர் இழுத்தார்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.